தங்கவயலின் இரண்டு ஓட்டு

1952 பொதுத் தேர்தலில் கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளிக்குச் சட்டசபைக்கு இரண்டு ஓட்டு. தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள். ஒரு இடம் பட்டியல் சாதியினருக்கு. ஜெயித்தவர்கள் கம்யூனிஸ்ட் கட்சியின் கே.எஸ். வாசனும், அம்பேத்கரின் ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தைச் சேர்ந்த பி.எம். சுவாமிதுரையும். 1957-ல் எம்.சி. நரசிம்மன், சி.எம். ஆறுமுகம். ஆட்கள் மாறினார்கள், கட்சிகள் மாறவில்லை. வட ஆற்காட்டிலிருந்து வந்து குடியேறிய தலித் தொழிலாளிக்குச் சங்கமா, சமூகமா என்று ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஒரு தொகுதிக்கு எத்தனை பேர் என்ற கேள்வி அமெரிக்காவை முன்பே ஆட்டிவைத்தது. 1788-ல் முதல் காங்கிரஸ் தேர்தலில் பென்சில்வேனியா, மாநிலம் முழுவதையும் ஒரே தொகுதியாக்கி 8 பேரைத் தேர்ந்தெடுத்தது. இந்த முறையில் பாதிக்குச் சற்று மேல் ஆதரவு பெற்ற அணி அத்தனை இடங்களையும் அள்ளிவிடலாம். விர்ஜினியா தனித்தனித் தொகுதிகளாகப் பிரித்தது. அதிலும் வில்லங்கம். மாடிசனைத் தோற்கடிக்கவே பேட்ரிக் ஹென்றியின் ஆட்கள் எல்லை போட்டார்கள் என்று புகார் எழுந்தது. 1789-ல் மன்றோவை வென்று மாடிசன் தப்பினார். 'தொகுதிக்கு ஒருவர்' என்று 1842-ல் சட்டம் வந்தபோது நான்கு மாநிலங்கள் அதைச் சட்டை செய்யவில்லை. 1967-ல் மறுபடி சட்டம் போட வேண்டியிருந்தது.

இந்தியாவில் சிக்கல் வேறு விதம். 1957-ல் ஆந்திராவின் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில் பழங்குடி வேட்பாளர்கள் இருவரே இரண்டு மக்களவை இடங்களையும் பிடித்தார்கள். வி.வி. கிரி தோற்றார். பொது இடம் பழங்குடியினருக்கு எப்படிப் போகலாம் என்ற அவரது வழக்கை 1959-ல் சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை. 1961-ல் பாராளுமன்றம் இரட்டைத் தொகுதிகளையே ஒழித்துவிட்டது.

அதன் பிறகும் தங்கவயல் தன் வழியில்தான் போனது. 1985-ல் மார்க்சிஸ்ட் டி.எஸ். மணி. 1989-லும் 1999-லும் அ.தி.மு.க.வின் பக்தவத்சலம். 1994-லும் 2004-லும் இந்தியக் குடியரசுக் கட்சியின் எஸ். ராஜேந்திரன். பெங்களூர் விதான சௌதாவுக்கு இரட்டை இலையை அனுப்பிய ஊர் இது.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. 2008 மறுசீரமைப்பில் பேத்தமங்கலா தொகுதி கலைக்கப்பட்டு, அதன் கிராமங்கள் தங்கவயலோடு சேர்ந்தன. அதன் பின் நடந்த நான்கு தேர்தல்களில் பா.ஜ.க. இரண்டு முறை, காங்கிரஸ் இரண்டு முறை. செங்கொடிக்கும் இரட்டை இலைக்கும் இந்தியக் குடியரசுக் கட்சிக்கும் இடமில்லை.

பழியை எல்லைக்கோட்டின் மீதே போட முடியாது. வேலை போனது, சங்கங்கள் தேய்ந்தன, பலர் ஊரை விட்டே போனார்கள். சுற்றுப்புறக் கிராமத்து விவசாயிக்கும் தன் கவலையைச் சொல்ல ஒரு எம்.எல்.ஏ. வேண்டும்தான். ஆனால் ஓட்டு யார் கையில் இருக்கிறது என்பதைப் போலவே, அது யாருடைய ஓட்டுகளோடு சேர்த்து எண்ணப்படுகிறது என்பதும் முக்கியம். விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு ஓடும் தங்கவயல்காரரிடம் ஓட்டு பத்திரமாக இருக்கிறது. எல்லை போடும்போது மட்டும் அவரை யாரும் கேட்பதில்லை.