ஆழ்பனியும் அகன்ற பலகையும்

பனையன்றிப் பனிமலை அறியாத யாழ்ப்பாணத்தார்க்குப் பனிச்சறுக்குப் பலகையைப் பற்றி எழுதுவானேன் எனச் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், யாழ்ப்பாணத்தவரான அந்தோனி இராஜேந்திரம் 1956ஆம் ஆண்டில் நோர்வே சென்ற காலந்தொட்டு, நம்மவர் பலர் குளிர்நாடுகளிற் குடியேறியுள்ளனர். அங்கே வளரும் நம் பேரப்பிள்ளைகளுட் பலர் சிறுபருவத்திலேயே பனியிற் சறுக்கப் பழகுகின்றனர். அவர்களுள் தேர்ச்சி மிக்கோர் கேட்கும் வினா ஒன்றுண்டு: ஆழ்ந்த தூள்பனிக்கு ஏற்ற வலிய பலகை யாது?

இப்பலகையை மேனாட்டார் 'ஸ்கீ' என்பர். பிளந்த மரத்துண்டு எனப் பொருள்படும் பழைய வடநாட்டுச் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். தூள்பனியாவது, புதிதாகப் பெய்து இறுகாது கிடக்கும் பனி. மணற்காட்டு மணற்குன்றுகளில் நடந்தவர்க்கு அதன் இயல்பை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒடுங்கிய சக்கரமுடைய துவிச்சக்கரவண்டி புதையும் மணலில், அகன்ற சக்கரமுடைய உழவியந்திரம் செல்கின்றது. பாரம் பரந்த இடத்திற் பரவுவதே அதன் காரணம். பலகைக்கும் இதுவே விதி.

செப்பனிட்ட பாதைக்குரிய பலகை, பாதத்தின் கீழ் ஏறத்தாழ 70 முதல் 85 மில்லிமீற்றர் அகலமுடையது. தூள்பனிக்குரியதோ 105 முதல் 120 மில்லிமீற்றர் வரையும், சிலவேளை அதனினும் மிகுந்தும் இருக்கும். 2002ஆம் ஆண்டளவில் ஷேன் மக்கொங்கி என்னும் வீரர், நீர்ச்சறுக்குப் பலகையின் வடிவைப் பின்பற்றி, இருமுனையும் மேல்நோக்கி வளைந்த பலகை ஒன்றை உருவாக்குவித்தார். தோணியின் அணியம் அலைமேல் ஏறுவதுபோல, வளைந்த முன்முனை பனிமேல் எழும். இன்றைய தூள்பனிப் பலகைகளிற் பெரும்பாலானவை இவ்வளைவைக் கொண்டவை.

இனி, வலிமையை நோக்குவோம். பலகையின் உள்ளே மரமும், அதைச் சூழ்ந்து, நம் மீனவர் படகுகளிற் காணும் கண்ணாடியிழையும் உள்ளன. வலிய பலகைகளில் அலுமினியக் கலப்புலோகத் தகடுகளும் சேரும். இவை பலகையை விறைப்பாக்கி அதிர்வை அடக்குகின்றன. விரைந்து செல்லும்போதும், பிறர் மிதித்துக் குழப்பிய பனியைக் கடக்கும்போதும் பலகை தடுமாறாது நிற்பது இதனாலேயே. நீளத்தைப் பொறுத்தவரை, தேர்ந்தோர் தம் உயரத்துக்குச் சமமானதையோ சிறிது மிகுந்ததையோ கொள்வர்.

ஆனால் இவ்விறைப்புக்கு ஒரு விலையுண்டு. அதை வளைத்துத் திருப்பக் கால்வலிமையும், வேகமும், முறையான பயிற்சியும் வேண்டும். அவை இல்லாதவனைப் பலகையே இழுத்துச் செல்லும். பனி இறுகிய பாதையில் அகன்ற பலகையை ஓரஞ்சாய்ப்பது கடினம்; முழங்காலுக்கும் வருத்தம். விரலுக்குத் தக்க வீக்கம் என்றனர் முன்னோர். நண்பன் வாங்கினான் என்றும், விலை மிகுந்தது என்றும் வாங்குவது பேதைமை. முதலில் வாடகைக்குப் பெற்று, ஒரு நாளேனும் சறுக்கிப் பார்த்து முடிவு செய்க. காலணியைப் பலகையோடு பிணைக்கும் பூட்டினை, எடை, உயரம், வயது, திறமை ஆகியவற்றுக்கேற்பக் கடையிலுள்ள தொழில்வல்லுநரைக் கொண்டே அமைப்பிக்க வேண்டும். விழும்போது அது கழலாவிடின் கால் முறியவுங் கூடும்.

இவையெல்லாவற்றினும் முதன்மையானது இன்னொன்று. தூள்பனி மிகுந்த சரிவு, பனிச்சரிவு நிகழுமிடமாகவும் இருக்கலாம். பனியிற் புதையுண்டவர் முதற் பத்துப் பதினைந்து நிமிடங்களுள் மீட்கப்படாவிடின் பிழைப்பது அரிதாகிவிடும். ஆதலின், செப்பனிடாத சரிவுக்குச் செல்வோர் இருப்பிடங் காட்டும் வானொலிக் கருவி, துழாவு கோல், மண்வாரி என்னும் மூன்றையும், அவற்றைக் கையாளத் தெரிந்த துணைவரையும் உடன்கொள்ள வேண்டும். அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையையும் பார்த்தல் வேண்டும். எத்துணை வலிய பலகையும் இவற்றுக்கு ஈடாகாது.

கடலோரத்தில் வாழும் நாம், ஆழமறியாமற் காலை விடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவர்கள். குளிர்நாட்டிலிருந்து பேரன் தொலைபேசியில் அழைத்துப் புதுப்பலகையின் பெருமையைப் பேசும்போது, அதன் விலையைக் கேட்பதோடு நில்லாது, துணைக்கு யார் செல்கின்றனர் என்றுங் கேளுங்கள். பனியைக் கண்டறியாத பாட்டியும் கேட்கத்தக்க கேள்வி அது.