12 வோல்ட் ஷாக் அடிக்காது... ஆனால் எரிக்கும்! பழைய காரில் சார்ஜர் பாயின்ட் வைக்கும் முன் இதைப் படிங்க

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் வழியில் இருக்கிறது வரிச்சிக்குடி. கடற்கரையை ஒட்டிய இந்தப் பகுதியில் 2018 நவம்பர் 16-ம் தேதியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், டெல்டாவின் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டது. பல ஊர்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் "நாங்க நல்லாத்தான் இருக்கோம்" என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட போனில் சார்ஜ் வேண்டும். அந்த மாதிரி நாள்களில், வாசலில் நிற்கும் கார்தான் வீட்டின் மின்நிலையம்.

புயல் இல்லாத நாளிலும் இதே கதைதான். திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி என்று ஒரே நாளில் குடும்பத்தோடு சுற்றி வரும்போது பின்சீட்டிலிருந்து குரல் வரும்: "தாத்தா, என் போன்ல 4 பர்சன்ட்தான் இருக்கு!" முன்னால் இருப்பதோ ஒரே ஒரு சாக்கெட். சில பழைய கார்களில் அதுவும் கிடையாது.

சிகரெட்டுக்காக வந்த ஓட்டை

மாருதி 800-ன் விற்பனை தொடங்கியது 1983 டிசம்பரில். அம்பாஸடர் அதற்கும் கால் நூற்றாண்டு மூத்தது. இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. ஆனால், தாத்தா வாங்கிய கார் என்பதால் விற்க மனம் வராமல் இன்றும் வைத்திருக்கும் வீடுகள் நிறைய. இந்த கார்கள் வடிவமைக்கப்பட்ட காலத்தில் செல்போன் என்ற பொருளே நம் ஊரில் இல்லை. இப்போது நாம் சார்ஜர் செருகும் அந்த வட்டமான சாக்கெட், சிகரெட் பற்றவைக்கும் லைட்டருக்காக வந்தது. சில விநாடிகள் சூடாகி அணைந்துவிடும் பொருளுக்கான இடம் அது. மணிக்கணக்கில் மூன்று கருவிகள் தொங்குவதற்காக அல்ல.

அதனால்தான் பலர் கூடுதலாக ஒரு பாயின்ட் வைக்க நினைக்கிறார்கள். தப்பில்லை. செலவும் அதிகமில்லை. ஆனால், "12 வோல்ட்தானே, என்ன ஆகிவிடப் போகிறது?" என்ற அலட்சியம்தான் ஆபத்து.

எரிப்பது எது?

வீட்டில் 230 வோல்ட். தொட்டால் தூக்கிப் போடும். காரில் 12 வோல்ட். தொட்டாலும் பெரும்பாலும் உறைக்காது. ஆனால், இன்ஜினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்ய நூறு ஆம்பியருக்கும் மேல் மின்னோட்டத்தை அள்ளிக்கொடுப்பது இதே பேட்டரிதான். பாதுகாப்பில்லாத ஒரு வயர் உராய்ந்து, உள்ளே இருக்கும் செம்பு கார் பாடியில் பட்டால், அத்தனை மின்னோட்டமும் அந்த மெல்லிய வயருக்குள் பாயும். வயர் சிவந்து, மேலுறை உருகி, பக்கத்தில் இருக்கும் சீட் துணியும் கார்ப்பெட்டும் பற்றிக்கொள்ளும்.

2023 பிப்ரவரி 2-ம் தேதி, கேரளாவின் கண்ணூரில் பிரசவத்துக்காக மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்த கார் தீப்பிடித்து கர்ப்பிணிப் பெண்ணும் அவர் கணவரும் உயிரிழந்தார்கள். ஷார்ட் சர்க்யூட் காரணமாக இருக்கலாம் என்பது அதிகாரிகளின் முதற்கட்டக் கருத்து. ஓடும் காரில் தீ பிடித்தால் தப்பிக்க எவ்வளவு குறைந்த நேரம் கிடைக்கிறது என்பதை நாட்டுக்கே காட்டிய சம்பவம் அது.

காப்பாற்றுவது ஒரு சின்ன ஃபியூஸ்

ஃபியூஸ் போனைக் காப்பாற்றத்தான் என்று நினைக்கிறோம். உண்மையில் அது காப்பாற்றுவது வயரை. அதனால் இரண்டு விஷயங்கள் முக்கியம்.

ஒன்று, இடம். பேட்டரியிலிருந்து நேரடியாக வயர் இழுத்தால், பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஃபியூஸ் இருக்க வேண்டும். சாக்கெட்டுக்குப் பின்னால் மாட்டினால், பேட்டரியிலிருந்து அதுவரை வரும் வயருக்குக் காவலே இல்லை.

இரண்டு, அளவு. 10 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் குறைந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். 15 ஆம்பியர் என்றால் 2.5. பிளேடு ஃபியூஸில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. சிவப்பு அடிக்கடி போகிறது என்று மஞ்சளை மாட்டுவதும், செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவதும் நம் ஊர் வழக்கம். ஃபியூஸ் போகிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். காரணத்தைத் தேட வேண்டுமே தவிர, காவல்காரனை மாற்றக் கூடாது.

எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடுவது சுலபம். வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர். 18 வாட் சார்ஜருக்கு ஒன்றரை ஆம்பியர். 120 வாட் டயர் பம்ப்புக்கு 10 ஆம்பியர். ஒரே சாக்கெட்டில் மூன்று வாய் உள்ள ஸ்ப்ளிட்டரை மாட்டி, போன்களோடு பம்ப்பையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

எங்கிருந்து கரன்ட் எடுப்பது?

போன் சார்ஜ் செய்ய மட்டும் என்றால், ஃபியூஸ் பெட்டியிலேயே செருகக்கூடிய 'ஃபியூஸ் டேப்' போதும். புதிய பாயின்ட்டுக்கு அதில் தனி ஃபியூஸ் இருக்கும். ஹெட்லைட் வயரையோ ஹாரன் வயரையோ சீவி, முறுக்கி, டேப் சுற்றுவது மட்டும் வேண்டாம்.

பம்ப் போன்ற பெரிய வேலைக்கு பேட்டரியிலிருந்து தனி வயர் நல்லது. இன்ஜினுக்கும் உட்புறத்துக்கும் நடுவே உள்ள தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். இல்லாவிட்டால், ஒவ்வொரு குலுங்கலுக்கும் தகட்டின் விளிம்பு வயரை அறுத்துக்கொண்டே இருக்கும். ஸ்டீயரிங், பிரேக் பெடல் பக்கம் வயர் தொங்கக் கூடாது. ஏர்பேக் உள்ள காராக இருந்தால் மஞ்சள் உறை போட்ட வயர்களைத் தொடவே கூடாது.

வேலை தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும். முடிந்ததும் அதைக் கடைசியாக மாட்ட வேண்டும்.

உப்புக்காற்றும் உறங்கும் காரும்

காரைக்கால் போன்ற கடலோர ஊர்களுக்கு இன்னொரு எதிரி உண்டு. உப்புக்காற்று. வெறுமனே முறுக்கிவிட்ட செம்பு சில மாதங்களில் பச்சை பூத்துவிடும். அந்த இணைப்பில் கரன்ட் தடைப்பட்டு, சூடு ஏறும். எர்த் வயருக்கு பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, போல்ட் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் திறந்து பார்ப்பது நல்லது.

சாவியை எடுத்தாலும் கரன்ட் வரும் பாயின்ட் வேண்டுமா, வேண்டாமா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். சின்ன கார்களின் பேட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர்-ஹவர்தான். 0.4 ஆம்பியர் எடுக்கும் டேஷ்கேமை அப்படியே விட்டால் ஒரு நாளில் கிட்டத்தட்ட 10 போய்விடும். மூன்றாம் நாள் கார் ஸ்டார்ட் ஆகாது. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் காருக்கு, சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும் பாயின்ட்தான் சரி.

புயல் நாளுக்கும் இதே கணக்கு உதவும். ஒரு ஸ்மார்ட்போன் முழுதாக ஏற சுமார் 2 ஆம்பியர்-ஹவர். நல்ல நிலையில் உள்ள பேட்டரியில், இன்ஜினை ஓட விடாமலேயே நான்கு போன்களை ஏற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் காரைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்த பிறகே இன்ஜினைப் போடுங்கள். மூடிய ஷெட்டில் ஓடும் இன்ஜின் வெளியேற்றும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆனால், ஆளைக் கொல்லும்.

ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் வேலையைக் கொடுக்கும்போது மூன்றே கேள்விகள் கேளுங்கள்: "ஃபியூஸ் எங்கே வைக்கிறீங்க அண்ணே? எத்தனை ஆம்பியர்? வயர் என்ன சைஸ்?" தொழில் தெரிந்தவர் மூன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொல்வார். "அதெல்லாம் எதுக்கு, 12 வோல்ட்தானே?" என்று சிரித்தால், சாவியை வாங்கிக்கொண்டு வேறு கடை பாருங்கள்.