சுவரில் மோதினால் பாக்டீரியா தெறிக்குமா?

பாக்டீரியாவும் விந்தணுவும் திரவத்தில் நேராகப் பாயும். சுவரில் பட்டால் கேரம் காய் மாதிரி தெறித்துத் திரும்பும். எதிரே நீரோட்டம் வந்தால் அடித்துச் செல்லப்படும். பலர் மனதில் பதிந்திருக்கும் படம் இதுதான். மூன்றுமே தவறு.

முதலில் தெறிப்பு. காய் தெறிப்பதற்கு அதன் வேகத்தில் மிஞ்சியிருக்கும் உந்தம் காரணம். ஈ. கோலை பாக்டீரியாவோ சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளம்தான். அந்த அளவில் நீரின் பிசுக்குமைதான் ஆட்சி செய்கிறது, உந்தத்துக்கு வேலையே இல்லை. நீந்த உதவும் வால் போன்ற கசையிழை நின்ற மறுகணம், ஓர் அணுவின் அகலம்கூட நகராமல் அது நின்றுவிடும் என்று இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1977-இல் விளக்கினார். இப்படிப்பட்ட உயிர் எதைக் கொண்டு தெறிக்கும்? சுவரை ஒட்டியே நீந்துகிறது.

1963-இலேயே இதற்குச் சான்று கிடைத்துவிட்டது. காளையின் விந்துத் துளியில் விந்தணுக்கள் சீராகப் பரவாமல் கண்ணாடிப் பரப்பை ஒட்டிக் குவிவதை உயிரியலாளர் ராத்ஸ்சைல்ட் பிரபு பதிவு செய்தார். கசையிழை எழுப்பும் ஓட்டமே சுவர்ப் பக்கம் இழுக்கிறது என்பது ஒரு விளக்கம். மோதிய பிறகு திசை மாற நேரமாகிறது, குவிய அதுவே போதும் என்பது இன்னொன்று. எதன் பங்கு பெரிது என்பதில்தான் விவாதம். குவிகின்றன என்பதில் இல்லை.

கிளாமிடோமோனாஸ் பாசி சுவரை விட்டு விலகுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், அதன் முன்பக்கக் கசையிழைகள் சுவரைத் தொட்டு உடலைத் தள்ளிவிடுவதை 2013-இல் கேம்பிரிட்ஜ் குழு படம்பிடித்துக் காட்டியது. எந்தக் கோணத்தில் வந்தாலும் அது கிட்டத்தட்ட ஒரே கோணத்தில்தான் விலகுகிறது. கேரம் பலகையில் அப்படி நடக்காது.

அடுத்து, நேர்கோடு. சுவரருகே நீந்தும் ஈ. கோலையின் கசையிழைக் கற்றை ஒரு பக்கமாகச் சுழல, உடல் எதிர்ப்பக்கமாகச் சுழல்கிறது. இரண்டிலும் சுவரை ஒட்டிய பக்கத்துக்கு இழுவை அதிகம். அதனால் உடல் ஒரு புறமும் கற்றை மறுபுறமும் தள்ளப்பட, பாக்டீரியா வட்டமடிக்கிறது. கண்ணாடியைத் திரவத்தின் பக்கமிருந்து பார்த்தால் அது வலஞ்சுழி. காற்றைத் தொடும் நீர்ப்பரப்பின் அடியில் இந்தத் திசை தலைகீழாவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மனித விந்தணுக்களோ நுண்கால்வாய்களில் மூலையைப் பிடித்துக்கொண்டு போகின்றன.

நீரோட்டம் அடித்துச் சென்றுவிடும் என்ற நம்பிக்கைதான் ஆபத்தானது. குழாயின் நடுவில் ஓட்டம் வேகம், சுவரருகே மந்தம். இந்த வேக வித்தியாசம் சுவரோர பாக்டீரியாவின் முகத்தை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிவிடுகிறது. அது மேல்நோக்கி நீந்துகிறது. சிறுநீர்க் கதீட்டருக்குள் சிறுநீர் கீழே வடிந்துகொண்டிருக்கும்போதே, உட்சுவர் வழியாகக் கிருமிகள் சிறுநீர்ப்பையை நோக்கி ஏற முடியும். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட வடிவமைப்பு இந்த வழியைத்தான் குறிவைத்தது. மருந்து எதுவும் பூசாமல் கதீட்டரின் உட்சுவரில் முக்கோண மேடுகளை வைத்தார்கள். ஆய்வகச் சோதனையில், மேலேறிய பாக்டீரியா பத்து முதல் நூறு மடங்கு வரை குறைந்தது.