கம்ப்யூட்டரில் 4,000 எரர்... பயப்படணுமா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை உத்திரமேரூரிலிருந்து ஒரு போன். எனக்கு எட்டாம் வகுப்பில் வரலாறு எடுத்த சார். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. வீட்டில் ஒரு டெஸ்க்டாப் வைத்திருக்கிறார். பென்ஷன் கணக்கு பார்ப்பது, போட்டோக்களைச் சேர்த்து வைப்பது எல்லாம் அதில்தான்.

“தம்பி, என் கம்ப்யூட்டர்ல நாலாயிரத்துக்கு மேல எரர் இருக்காம்ப்பா. பெரிய கம்பெனி பேரைச் சொல்லி ஒருத்தன் பேசினான். எதை அழுத்தணும்னு அவனே சொல்லித் திறக்க வெச்சான். பார்த்தா, நிஜமாவே பக்கம் பக்கமா சிவப்பு. சரிபண்ண ஒரு ஆப் போடச் சொன்னான். பாதி டவுன்லோட்ல கரன்ட் போயிடுச்சு.”

“நல்லதாப் போச்சு சார். கரன்ட் வந்தாலும் ஆன் பண்ணாதீங்க. அவன் திரும்பக் கூப்பிட்டா எடுக்காதீங்க. நான் வர்றேன்.”

சார் பார்த்தது பொய் இல்லை. அதற்கு அந்த ஆள் சொன்ன அர்த்தம்தான் பொய்.

விண்டோஸ் உள்ள எல்லா கம்ப்யூட்டரிலும் ‘ஈவென்ட் வியூவர்’ என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் டைரி அது. எப்போது ஆன் ஆனது, எந்த புரோகிராம் நின்றுபோனது, எது எதைக் கேட்டுக் கிடைக்கவில்லை என்று எல்லாவற்றையும் எழுதும். நன்றாக ஓடுகிற புது கம்ப்யூட்டரில்கூட நூற்றுக்கணக்கில் சிவப்பும் மஞ்சளும் இருக்கும். மோசடிக்காரர்களுக்கு இது வசதியாகப் போய்விட்டது. தெரியாதவரிடம் இதைத் திறந்து காட்டிப் பயமுறுத்தி, கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே இயக்கும் ஆப்பைப் போட வைத்து, பேங்க் கணக்கில் கை வைப்பார்கள். உலகம் முழுக்க நடக்கும் மோசடி இது. 2023 அக்டோபரில் ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் சி.பி.ஐ. நாடு முழுக்க 76 இடங்களில் சோதனை போட்டதில், இப்படி ‘டெக் சப்போர்ட்’ என்று சொல்லி ஏமாற்றிய கும்பல்களும் அடக்கம்.

சார் வீட்டுக்குப் போனதும் முதலில் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் ஆன் செய்தேன். பாதியில் நின்ற ஃபைலை அழித்து, ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் முழு ஸ்கேன் ஓடவிட்டேன். பிறகு ஈவென்ட் வியூவரைத் திறந்தோம்.

நீங்களும் பார்க்கலாம். ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். திறந்ததும் நடுவில் ஒரு சுருக்கப் பட்டியல் வரும். அதில் ‘எரர்’ என்பதற்குப் பக்கத்திலுள்ள பிளஸ் குறியைத் தொட்டால், எந்த எண்ணுள்ள எரர், கடைசி ஒரு மணி நேரத்தில் எத்தனை, 24 மணி நேரத்தில் எத்தனை, 7 நாளில் எத்தனை என்று பிரித்துக் காட்டும். மொத்தம் எத்தனை என்பதை விடுங்கள். எந்த எண் திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

சார் கம்ப்யூட்டரில் மிக அதிகமாக இருந்தது 7031. ஏதோ ஒரு சர்வீஸ் எதிர்பாராமல் நின்றுவிட்டது என்று அர்த்தம். அதன் மேல் இரண்டு முறை க்ளிக் செய்து பெயரைப் பார்த்தால், எப்போதோ எடைக்குப் போட்ட பிரின்டரின் சாஃப்ட்வேர்! பிரின்டர் போன பிறகும் அது எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்துகொண்டே இருந்திருக்கிறது. செட்டிங்ஸ், ஆப்ஸ் பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால் செய்தேன். முக்கால்வாசிக் கூச்சல் அதோடு நின்றது.

அடுத்தது 10016. இதை ஒதுக்கிவிடலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. கூடவே 41-ம் 6008-ம் இருந்தன. முறையாக ஷட்டவுன் செய்யாமல் கம்ப்யூட்டர் அணைந்தது என்று பொருள். தேதிகளைப் பார்த்தோம். எல்லாம் ஊரில் கரன்ட் போன நாட்கள். அன்று காலை சாரைக் காப்பாற்றிய பவர்கட்டும் அதில் பதிவாகியிருந்தது. இதற்கு மருந்து ஒரு சின்ன யு.பி.எஸ். கரன்ட் போகாத வீட்டில் 41 அடிக்கடி வந்தால், கம்ப்யூட்டருக்குள்ளே பவர் சப்ளையையோ சூட்டையோ பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் ஒதுக்கிய பிறகுதான் அந்த மூன்று வரிகள் கண்ணில் பட்டன. பெயர் ‘டிஸ்க்’, எண் 7. ஹார்டு டிஸ்க்கில் ஒரு பகுதி கெட்டுவிட்டது என்று பொருள். நாலாயிரத்தில் மூன்றே மூன்று.

“இது மட்டும் நிஜம் சார். இதுல என்னென்ன வெச்சிருக்கீங்க?”

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. “உங்க அம்மா போட்டோ எல்லாம் இதுலதாம்ப்பா இருக்கு. வேற எங்கயும் இல்ல” என்றார். டீச்சரம்மாவை நாங்கள் மாணவர்கள் எல்லாரும் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

வேறு எதையும் தொடவில்லை. ரிப்பேர் கட்டளை எதுவும் ஓட்டவில்லை. கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கை ரிப்பேர் செய்யப் போனால், அந்த வேலையிலேயே அது ஒரேயடியாகப் படுத்துவிடலாம். முதலில் காப்பி, பிறகுதான் மற்றது. வெளி ஹார்டு டிஸ்க்கில் போட்டோக்களை ஏற்ற மத்தியானம் ஆகிவிட்டது. எல்லாம் வந்துவிட்டன. இந்த வாரம் புது டிஸ்க் மாற்றுகிறோம்.

லாக் நிறைய இருப்பதால் கம்ப்யூட்டர் கெட்டுவிடாது. ஆனால், வேண்டாத எரர் குவிந்தால் வேண்டியது மறைந்துவிடும். விண்டோஸில் சிஸ்டம் லாக் வழக்கமாக 20 எம்.பி. வரைதான். நிறைந்ததும் பழையதை அழித்துப் புதியதை எழுதும். அந்தப் பிரின்டர் இன்னும் கொஞ்ச நாள் கத்தியிருந்தால் அந்த மூன்று வரிகளும் அழிந்திருக்கும். சிவப்பைப் பார்க்கப் பிடிக்காமல் ‘கிளியர் லாக்’ அழுத்துவதும் அதே தப்புதான்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சார் வகுப்புக்குத் திரும்பிவிட்டார். “வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு ஞாபகம் இருக்கா? பராந்தக சோழன் காலம், 919, 921. வாரியத்துல இருந்துட்டுக் கணக்கு காட்டாதவன் பேரைக் குடத்துல போடக்கூடாது. அவன் சொந்தக்காரன் பேரையும் போடக்கூடாது. கணக்கை எழுதினா மட்டும் போதாதுப்பா, அதைக் கேக்க ஆள் வேணும். இத்தனை நாள் இந்தக் கம்ப்யூட்டர் எழுதின கணக்கை நான் கேக்கவே இல்ல பாரு.”

மாதம் ஒருமுறை, பத்து நிமிஷம் நீங்களும் கேளுங்கள். ‘டிஸ்க்’ என்ற பெயரில் எரர் வந்தால் அன்றைக்கே காப்பி எடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு என்று தானாகப் போன் செய்து சொல்பவர் யாராக இருந்தாலும் பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் அப்படி யாருக்கும் போன் செய்வதில்லை. ஏற்கெனவே ஏமாந்து பணம் போயிருந்தால், வெட்கப்படாமல் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.