தரவரிசையா, வீட்டுப் பத்திரமா?

கோவில்பட்டிப் பக்கத்துக் கல்லூரிகளில் மெக்கானிக்கலோ மின்னணுவியலோ முடித்து, ஜெர்மனியில் முதுநிலைக்கு முயல்கிற பிள்ளைகளில் சிலருக்கு இரண்டு பெரிய இடங்கள் ஒருசேரக் கிடைத்துவிடுவதுண்டு. ஒன்று மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். மற்றது ஆகன் நகரின் ஆர்.டபிள்யூ.டி.எச். வீட்டில் யாருக்கும் இரண்டு ஊரையும் தெரியாது. எனவே தரவரிசையைப் பார்க்கிறார்கள். க்யூ.எஸ். 2025 பட்டியலில் மியூனிக் 28, ஆகன் 99. அதோடு பேச்சு முடிந்து, உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தியும் போய்விடுகிறது.

அந்த 71 இடங்களுக்கு ஒரு விலை இருக்கிறது. பவேரிய மாநிலச் சட்டம் அனுமதித்ததால், ஐரோப்பிய நாடுகளுக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேரும் மாணவர்களிடம் 2024-25 குளிர்காலப் பருவம் முதல் மியூனிக் கட்டணம் வாங்குகிறது. முதுநிலைக்கு, படிப்பைப் பொறுத்து, பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. யூரோ நூறு ரூபாய் என்றே வைத்தாலும் நான்கு பருவத்துக்கு 16 அல்லது 24 லட்சம். "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்று தெருவில் சொல்லும் அண்ணன் பொய் சொல்லவில்லை. அவர் போன காலத்தில் அப்படித்தான் இருந்தது.

ஆகனில் வழக்கமான முதுநிலைப் படிப்புகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. பருவப் பங்களிப்பாகச் சில நூறு யூரோ மட்டும். ஆனால் அதே பல்கலைக்கழகத்தின் இன்டர்நேஷனல் அகாடமி நடத்தும் சில ஆங்கிலவழிப் படிப்புகளுக்குக் கணிசமான கட்டணம் உண்டு. பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பித்தால் இங்கேயும் ஏமாறலாம்.

இரண்டுக்கும் பொதுவான செலவு, விசாவுக்காக முடக்கிவைக்கும் கணக்கு. 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ. மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். ஜெர்மனியிலேயே வாடகை மிக அதிகமான ஊர் மியூனிக் என்பதால் அதில் பெரும்பகுதியை அறை வாடகையே தின்றுவிடும்.

இந்தத் தொகையெல்லாம் கரிசல்காட்டில் எங்கிருந்து வரும் என்பதைத்தான் யோசிக்க வேண்டும். வழக்கமாக 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்து ஜாமீன் கேட்கின்றன. விளாத்திகுளம் பக்கம் பத்து ஏக்கர் உளுந்தும் பருத்தியும் விளைகிற நிலம் வைத்திருப்பவர் பட்டாவை எடுத்துக்கொண்டு போனால் மேலாளர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. காரணம், 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். கடன் தவறினால் நீதிமன்றத்துக்குப் போகாமலே சொத்தை ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் தரும் அந்தச் சட்டம், அதன் 31ஆம் பிரிவின்படி விவசாய நிலத்துக்குச் செல்லாது. ஏலம் விட முடியாத நிலம் வங்கிக்கு எதற்கு? விவசாயியைக் காக்க வந்த பிரிவுதான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளைவு என்ன? டவுனுக்குள் இருக்கிற மூன்று சென்ட் வீட்டின் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வக்கீலின் கருத்துரை என்று தாள்கள் அடுக்கப்படுகின்றன. பத்து ஏக்கர் பத்திரமாக இருக்க, குடியிருக்கிற வீடு அடமானம் போகிறது.

ஆகன் என்றால் சேமிப்பு, நகை, 7.5 லட்சத்துக்குள் கடன் என்று சமாளிக்க ஒரு வழி தெரிகிறது. மியூனிக்கின் கட்டணம் சேர்ந்ததும் பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்த வழி அடைபடுகிறது. பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்குப் பட்டியல் வைத்துக்கொண்டு ஜாமீன் இல்லாமலே தரும் வங்கிகளும் உண்டு. அங்கே பத்திரம் தப்பும், கடன் தப்பாது.

மழை தப்பினாலும் ஏதாவது தேறுமா என்று பார்த்து விதை எடுப்பவன் மானாவாரி விவசாயி. அவன் பிள்ளை மட்டும் எல்லாம் சரியாக நடக்கும் என்று எண்ணிக் கணக்குப் போடுகிறான். நான்கு பருவத்தில் முடிக்க முடியாமல் ஐந்து, ஆறு என்று இழுப்பது ஜெர்மனியில் சகஜம். ஆகனில் அது கூடுதல் சாப்பாட்டுச் செலவு. மியூனிக்கில் ஒவ்வொரு கூடுதல் பருவத்துக்கும் கட்டணமும் சேரும். ஆகனிலும் மெத்தனம் கூடாது: ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம், மூன்றாவதிலும் தவறினால் அந்தப் படிப்பையே விட வேண்டியதுதான். அரியர் வைத்து ஆறுதலாக முடிக்கும் நம்மூர்ப் பழக்கம் அங்கே எடுபடாது.

மியூனிக்கின் பக்கமும் நியாயம் இருக்கிறது. பி.எம்.டபிள்யூ., சீமென்ஸ் இரண்டின் தலைமையகமும் அந்த ஊரில்தான். கட்டணத்தில் உதவித்தொகையோ விலக்கோ கிடைக்கும் மாணவருக்குக் கணக்கே வேறு. ஆனால் பட்டம் முடித்து வேலை தேட ஜெர்மனி தரும் 18 மாதம் இரண்டு பல்கலைக்கழகத்தாருக்கும் ஒன்றேதான். அந்த 18 மாதத்தில் கைகொடுப்பது தரவரிசையைவிட ஜெர்மன் மொழி. பி1 நிலை வரையாவது இங்கேயே படித்துவிட்டுப் போவது நல்லது. முத்துநகர் எக்ஸ்பிரசில் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதும் செலவு ஒரு மாத மியூனிக் வாடகைக்குக்கூட வராது.

கன்சல்டன்சியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பல்கலைக்கழகம் உங்களுக்குக் கமிஷன் தருகிறதா? ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகத் தருவதில்லை. இரண்டையும் ஒதுக்கிவிட்டு மூன்றாவதாக ஒரு தனியார் பெயரை அவர் நீட்டினால், ஏன் என்று புரிந்துவிடும்.

ஒரே துறையில் இரண்டிலும் இடம், ஆகனில் கட்டணமில்லாத படிப்பு, மியூனிக்கில் விலக்கு இல்லை என்றால் என் ஓட்டு ஆகனுக்கே.