குழாய்த் துப்பாக்கியும் கண்மணிகளும்



மறைக்கல்வி வகுப்பு முடிந்தபின் சிறுவர் மூவர் நம்மை அணுகினர். பிளாஸ்டிக் குழாயில் கார்பைடு கல்லும் தண்ணீரும் இட்டு வெடிக்கும் துப்பாக்கியைக் கைப்பேசியில் கண்டனராம். "சாமி, கிறிஸ்மசுக்கு நாங்களே செய்யலாமா?" என்பது அவர்கள் விண்ணப்பம். இத்தகைய கேள்வியை அதட்டி அடக்குவது எளிது. ஆனால் அதட்டப்பட்ட கேள்வி மடிவதில்லை. அது மொட்டை மாடிக்குச் சென்று தானே விடை தேடும். ஆகவே அவர்களுக்கு நாம் கூறிய விடைகளைப் பெற்றோராகிய உங்களுக்கும் எழுதுகிறோம்.

முதல் வினா: வெடிமருந்தே இல்லாத கல் எவ்வாறு வெடிக்கிறது? மாங்காயைக் கள்ளத்தனமாய்ப் பழுக்க வைக்கப் பயன்படும் அதே கல்தான் இது. நீர் பட்டதும் இதிலிருந்து அசிட்டிலின் என்னும் வாயு எழுகிறது. இரும்பை ஒட்டவைக்கும் பட்டறையில் நீலச் சுடராய் எரிவது இவ்வாயுவே. காற்றோடு கலந்தபின் சிறு தீப்பொறியே இதற்குப் போதும். எஞ்சி நிற்பதோ நீறிய சுண்ணாம்பு.

இரண்டாம் வினா: தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் குழாய் இதைத் தாங்காதா? தாங்கும் என எண்ணுவது பெரும் பிழை. நீர் நிறைந்த குழாயில் விரிசல் கண்டால் நீர் ஒழுகும், அழுத்தம் உடனே தணியும். வெடித்து விரியும் வாயுவோ உடைந்த துண்டுகளைத் தன்னோடு வீசியெறியும். மேலும் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மையுடையது.

மூன்றாம் வினா: கவனமாயிருந்தால் போதாதா? 2025ஆம் ஆண்டு தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் நிகழ்ந்ததே இதற்கு விடை. போபால், விதிஷா முதலிய இடங்களில் இத்துப்பாக்கி கடைவீதியில் விளையாட்டுப் பொருளாய் மலிவாக விற்கப்பட்டது. சில நாட்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கண் காயத்துடன் மருத்துவமனைகளை நாடினர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர். சிலர் பார்வையை இழந்தனர். பொறி தட்டியும் வெடிக்கவில்லையே என்று குழாயினுள் குனிந்து நோக்கியபோது வெடித்ததே பலருக்கு நேர்ந்த கேடு. கவனம் இன்மையாலன்று, கவனித்துப் பார்த்ததாலேயே கண் போயிற்று என்பதை எண்ணுங்கள்!

தீயும் சுண்ணமும் ஒருங்கே கண்ணில் பாய்கின்றன. அமிலத்தினும் சுண்ணக்காரம் கருவிழியை ஆழமாய் ஊடுருவும். அத்தகைய விபத்து நேர்ந்தால் கண்ணைக் கசக்கலாகாது. எண்ணெயோ தாய்ப்பாலோ விடலாகாது. கல்லோடு நீர் சேரலாமா என்று தயங்கவும் வேண்டாம். கண்ணீரும் நீரன்றோ? இமையை விரித்து, தூய நீரை 15 நிமிடங்களுக்குக் குறையாமல் தாராளமாய் ஊற்றிக் கழுவி, தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

"இது பாவமா, சாமி?" என்று மூவருள் இளையவன் வினவினான். ஐந்தாம் கட்டளை கொலையை மட்டும் விலக்கவில்லை; நம் உடலையும் அயலான் உடலையும் வீணான ஆபத்துக்கு உள்ளாக்குவதையும் அது விலக்குகிறது என்று சொன்னோம். எனினும் இதில் சிறுவரினும் பெரியோர்க்கே பொறுப்பு மிகுதி. இக்கல்லைச் சேமிக்கவும் கொண்டு செல்லவும் 1987ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் உள்ளன. இதனால் பழம் பழுக்க வைப்பதோ சட்டத்தால் தடுக்கப்பட்டது. அவ்வாறிருக்க, சிறுவன் கைக்கு இது எட்டுகிறதென்றால் பெரியவர் ஒருவர் விற்றிருக்கிறார், மற்றொருவர் கண்டும் காணாதிருந்திருக்கிறார்.

பெற்றோரே, உங்கள் மகன் கேட்பது அழிவையன்று. ஏன், எப்படி என்னும் அறிவையே கேட்கிறான். அந்த ஆவல் இறைவன் ஈந்த கொடை. அவனைப் பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் அழைத்துச் செல்லுங்கள். பழுதான மிதிவண்டியைப் பிரித்துப் பூட்டக் கொடுங்கள். குடில் கட்டும் வேலையில் விளக்கமைக்கும் பொறுப்பை, மின்வேலை அறிந்தவர் மேற்பார்வையில், அவனிடம் ஒப்படையுங்கள்.

திருவருகைக் காலத்தில், டிசம்பர் 13ஆம் நாள், கண்களின் பாதுகாவலியான புனித லூசியாவைத் திருச்சபை நினைவுகூர்கிறது. அன்றிரவு குடும்பச் செபத்தில் பார்வையிழந்த அச்சிறுவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். செபம் முடிந்ததும், உங்கள் பிள்ளை கைப்பேசியில் என்ன பார்க்கிறான் என்று அன்போடு கேளுங்கள்.