உரம் ஓடினால் உயிர் வாடும்



செம்பனைக்குப் போட்ட உரத்தில் ஒரு பங்கு மழையோடு வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் போய்விடுகிறது. அதிலுள்ள நைட்ரஜன் என்னும் தழைச்சத்து மரத்துக்கு உணவு. நீரிலோ பாசிக்கு விருந்து. பாசி பெருகி, மடிந்து, அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கும்.

இதற்கு வழி உண்டா? உண்டு. பிராங் பெசார் தோட்டமாக இருந்து நம்மவர் பாடுபட்ட மண்ணில் எழுந்ததே புத்ராஜெயா. அங்கே ஏரிக்கு நீர் வரும் வழியில் 24 பகுதிகள் கொண்ட செயற்கைச் சதுப்பு நிலத்தை 1998-இல் அமைத்து முடித்தார்கள். கோரையும் நாணலும் நீரின் வேகத்தைத் தணித்துத் தழைச்சத்தை உறிஞ்சுகின்றன. காற்றுள்ள வேரடியில் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும். காற்றில்லாச் சேற்றில் வேறு சில அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு அந்த வாயுதான், தீங்கில்லை.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. ஆற்றோரப் புல்லையும் கோரையையும் அடியோடு வெட்டாதீர்கள். மழை இருட்டினால் உரம் போடுவதைத் தள்ளிவைக்க மண்டோரிடம் சொல்லுங்கள். உரச் சாக்கை ஆற்றில் அலசாதீர்கள். கீழேயுள்ள கம்பத்துப் பிள்ளைகள் குளிப்பதும் அந்த நீரில்தானே!